ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும்: பழைய என்ஜினில் புகைச் சாமான்களைக் கழற்றுவது பற்றி

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் கல்வெட்டோ ஏட்டுச் சுவடியோ பற்றித்தான் எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். இம்முறை என் பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயத்தையே எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு. சாலைக் கடைத்தெருவில் மோட்டார் உதிரிச் சாமான் கடை வைத்து எனக்கு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. சில வருஷங்களாக நம் சங்கத்துக் குடும்பங்களிலிருந்தே ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளை பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியிருப்பான். அப்பா கடைக்கு வந்து போனை நீட்டுவார். “நயினாரே, பையன் போட்டோ அனுப்பியிருக்கான். என்ஜின் மேலே ஒரே குழாயும் டப்பாவுமா கிடக்கு. எல்லாம் புகைக்காக மாட்டினதாம். கழட்டிப் போட்டா வண்டி பறக்கும்னு சொல்றானே, உள்ளதா?”

இதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. ‘எல்லாவற்றையும் கழற்று’ என்பதும் ‘எதையும் தொடாதே’ என்பதும் அரைகுறைப் பதில்கள். ஒவ்வொரு சாமானும் என்ன வேலைக்காக வந்தது, அது போய்விட்டால் அந்த வேலையை யார் செய்வது என்று தெரிந்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும். இதை விளக்குவதற்கு நல்ல வேளையாக நமக்குப் பழக்கமான ஒரு காரே இருக்கிறது.

அண்ணன் சென்னையில், தம்பி அமெரிக்காவில்

அறுபதுகளில் நம் ரோட்டில் கார் என்றால் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இந்த மூன்றுதான். இவற்றுள் ஹெரால்டு நம் தமிழ்நாட்டுப் பிள்ளை. வண்டலூருக்குப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் அதைச் செய்து விற்றது. கே.எல்.டி. எண் பலகையோடு திருவனந்தபுரத்திலும் ஓடியது. கரமனைப் பக்கம் சில வீட்டு ஷெட்டுகளில் பார்த்திருக்கிறேன். முன்பக்கம் முழுவதும், மட்கார்டு உட்பட, முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். மெக்கானிக்குகளுக்கு அதனாலேயே அதன் மேல் தனிப் பிரியம்.

இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் வந்தது. உருவம் வரைந்தவர் மிக்கேலொத்தி என்ற இத்தாலியர். அதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, அதே மிக்கேலொத்தியின் கையால் இரண்டு பேர் உட்காரும் திறந்த உடல் கொடுத்து 1962-இல் விட்டதுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். யுத்த விமானத்தின் பெயர். என்ஜினும் ஒரே குடும்பம். 1953-இல் ஸ்டாண்டர்டு எய்ட் காருக்காகச் செய்த 803 சி.சி. என்ஜினையே வளர்த்து 948 ஆக்கினார்கள். அதுதான் நம் ஹெரால்டில் இருந்தது. அதுவே 1,147 ஆகி ஸ்பிட்ஃபயரில் ஏறியது, பிறகு 1,296, கடைசியில் 1,493. ஹெரால்டு என்ஜினை இறக்கி ஏற்றிய கைக்கு ஸ்பிட்ஃபயர் என்ஜின் அந்நியமே அல்ல.

ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். ஹெரால்டில் கார்ப்பரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ எல்லாம் எண்ணி எடுத்துவிடலாம். ரப்பர் குழாய் என்று சொல்ல நாலைந்துதான். எழுபதுகளின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போன ஸ்பிட்ஃபயரில் காற்றுப் பம்பு, அதற்கு ஒரு பெல்ட், அதிலிருந்து வால்வு, கரிக் குடுவை, எக்ஸாஸ்டிலிருந்து இன்டேக்குக்கு ஒரு குழாய், ஊசி மாதிரி மெல்லிய வேக்குவம் குழாய்கள் ஒரு கட்டு. இதோடு பலமும் குறைந்தது. இங்கிலாந்தில் விற்ற 1,493 சி.சி. ஸ்பிட்ஃபயருக்கு 71 குதிரை சக்தி; அமெரிக்காவுக்கு அனுப்பியதற்குக் கடைசிக் காலத்தில் 53 அளவில் நின்றது. குழாயும் பலக்குறைவும் ஒன்றாகவே வந்ததால், குழாய்தான் பலத்தைத் தின்றது என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அன்னாசிப் பழத்தை ஆராய்ந்தவர்

1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் கண்ணை எரிக்கும் மூடுபனி ஒன்று இறங்கியது. உலக யுத்தக் காலம். ஜப்பான்காரன் விஷ வாயு போட்டுவிட்டான் என்று கூடச் சிலர் பயந்தார்கள். பிறகு வருஷா வருஷம் வந்தது. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சுக்கார வேதியியலார் அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து நுண்ணிய மணப்பொருளைப் பிரித்தெடுக்கும் கை அவருடையது. அந்தக் கையை நகரத்துக் காற்றின் பக்கம் திருப்பினார். 1950களின் தொடக்கத்தில் அவர் சொன்னது இது: காரிலிருந்து வரும் எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் கலந்து ஓசோனாக மாறுகின்றன, கண் எரிச்சலும் இருமலும் இதன் விளைவு. வெயிலும் வண்டியும் சேர்ந்தால் வரும் நோய் என்றால், அது நம் ஊர்களுக்கும் சொன்னதுதான்.

அதன் பிறகு சட்டங்கள் வந்தன. 1961 மாடல் கார்களில் என்ஜின் வயிற்றுப் புகையை அடக்கும் ஏற்பாடு கலிபோர்னியாவில் வந்தது. 1968 மாடல் முதல் அமெரிக்கா முழுமைக்கும் அளவு வைத்தார்கள். 1970-இல் தூய காற்றுச் சட்டம் கடுமையாயிற்று. 1975-இல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. இங்கிலாந்துச் சிறு கம்பெனிகளுக்கு அமெரிக்கச் சந்தை இல்லாவிட்டால் பிழைப்பில்லை. புது என்ஜின் செய்யப் பணமும் இல்லை. ஆகவே ஐம்பதுகளில் பிறந்த என்ஜின் மேல் வருஷத்துக்கு ஒரு சாமானாகத் தொங்கவிட்டார்கள். வீடு கட்டும்போது நினைக்காத குளியலறையைப் பிறகு திண்ணையை மறித்துக் கட்டிய கதைதான். பார்க்க லட்சணமாக இராது. அதற்காக இடித்துத் தள்ளிவிட்டுக் குளிப்பது எங்கே?

ஒவ்வொரு சாமானும் என்ன செய்கிறது

முதலில் பி.சி.வி. எனப்படும் கிராங்க்கேஸ் வால்வு. பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் கீழே இறங்கி ஆயில் இருக்கும் பகுதியில் சேரும். பழைய காலத்தில் ஒரு குழாய் வைத்து அதை ரோட்டில் விட்டுவிடுவார்கள். பின்னால் அதையே இன்டேக்குக்குத் திருப்பி மறுபடி எரிக்க வைத்தார்கள். இந்த ஏற்பாடு ஊருக்கும் நல்லது, என்ஜினுக்கும் நல்லது. ஈரமும் பெட்ரோல் ஆவியும் ஆயிலில் தங்காமல் வெளியேறுவதால் ஆயில் சீக்கிரம் கெடாது. இதைக் கழற்றித் துளையை அடைத்துவிட்டால் குக்கரில் வெயிட் அடைத்துக்கொண்ட மாதிரிதான். அழுத்தம் ஏறி எந்த சீல் பலவீனமோ அது வழியாக ஆயில் கக்கும். ‘கழற்றிய மறுமாதமே ஆயில் லீக்’ என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பி.சி.வி.யைக் கழற்றாதீர்கள். அழுக்கடைந்தால் சுத்தம் செய்யுங்கள், அல்லது புதிது போடுங்கள். சின்னச் சாமான், விலையும் அதிகமில்லை.

அடுத்தது கரிக் குடுவை. வண்டி வெயிலில் நிற்கும்போது டாங்கிலும் கார்ப்பரேட்டரிலும் இருக்கும் பெட்ரோல் ஆவியாகும். குடுவைக்குள் இருக்கும் கரி அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; என்ஜின் ஓடத் தொடங்கியதும் அந்த ஆவி உள்ளே இழுக்கப்பட்டு எரியும். இது ஓட்டத்திலிருந்து ஒரு துளி பலத்தையும் எடுப்பதில்லை. கழற்றினால் லாபம் என்ன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நஷ்டம் உண்டு. வீட்டோடு சேர்ந்த ஷெட்டில் பெட்ரோல் நாற்றம்; பக்கத்தில் அடுப்போ ஹீட்டரோ இருந்தால் ஆபத்து. இன்னொரு கண்ணியும் இருக்கிறது. இந்த வண்டிகளில் டாங்க் மூடியில் காற்றுத் துளை இராது. டாங்க் மூச்சு விடுவதே குடுவை வழியாகத்தான். குடுவையை எடுத்துவிட்டுக் குழாய் வாயில் ஆணி அடித்து அடைத்தால், பெட்ரோல் குறையக் குறைய டாங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகும். சில மைல் ஓடியதும் வண்டி திணறி நிற்கும். மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும், வண்டி மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். இதைக் கண்டுபிடிக்காமல் பெட்ரோல் பம்பையும் கார்ப்பரேட்டரையும் மாற்றிச் செலவழிப்பவர்கள் உண்டு.

மூன்றாவது காற்றுப் பம்பு. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதால் பிள்ளைகள் முதலில் கை வைப்பது இதில்தான். அடுப்பில் கங்கு அணையும் சமயம் ஊதுகுழல் வைத்து ஊதுவோமே, அதே தத்துவம். எக்ஸாஸ்டில் அரைகுறையாக எரிந்து வரும் வாயுவின் மேல் புதுக் காற்றை ஊதினால் அது அங்கேயே எரிந்துவிடும். கார்பன் மோனாக்சைடும் பெட்ரோல் ஆவியும் குறையும். பம்பைச் சுற்ற என்ஜின் கொடுக்கும் பலம் மிகச் சிறிது. எடுத்துவிட்டால் பெல்ட் சத்தம் குறையும், கை வைக்க இடம் கிடைக்கும். வேகம் கூடியதாக ஓட்டுபவருக்குத் தெரியாது. சட்டம் இடம் கொடுக்கும் ஊரில் எடுப்பதானால், சிலிண்டர் ஹெட்டில் காற்று நுழையும் துளைகளைச் சரியான மரை ஆணி போட்டு மூட வேண்டும். விட்டுவிட்டால் எக்ஸாஸ்ட் அங்கேயே சீறும். பம்போடு வரும் வால்வின் இன்டேக் குழாயையும் மறக்காமல் மூட வேண்டும். அந்த வழியாகக் காற்று இழுத்தால் ஐடிலிங் நிற்காது.

நான்காவதுதான் பலராலும் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது. ஈ.ஜி.ஆர். என்பார்கள், எக்ஸாஸ்டில் கொஞ்சம் எடுத்து இன்டேக்கில் கலப்பது. ‘எரிந்த புகையை மறுபடி என்ஜினுக்கு ஊட்டுவதா?’ என்று கேட்கத் தோன்றும். பொங்கி வரும் பாலில் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பது போல இது. எரிந்த வாயு மறுபடி எரியாது. இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு எரியும் சூட்டைத் தணிக்கும். நைட்ரஜன் ஆக்சைடு மிகுந்த சூட்டில்தான் அதிகம் உண்டாகும் என்பதால் சூடு தணிந்தால் அதுவும் தணிகிறது. இந்த வால்வு பாதி மிதியில்தான் திறக்கும். ஐடிலிங்கிலும் முழு மிதியிலும் மூடியிருக்கும். ஆகையால் இதைக் கழற்றி முழு வேகத்தில் ஒரு குதிரை சக்தியும் கூடாது. வேறு எதையும் மாற்றாமல் இதை மட்டும் எடுத்தால் சீராக ஓடும்போது ‘டிக் டிக்’ என்று நாக்கிங் வரலாம். வால்வு கரி பிடித்துத் திறந்தபடி நின்றுபோனால் ஐடிலிங்கில் என்ஜின் குலுங்கும். அப்போது தேவைப்படுவது துடைப்பும் பிரஷ்ஷும்தான்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிளாட்டினம், பலேடியம் பூசிய தேன்கூடு. ஈயம் கலந்த பெட்ரோல் பட்டால் செத்துவிடும். நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் நான்கு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியபோது ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. 2000-இல் ஈயப் பெட்ரோல் நாடு முழுக்க நின்றது. கன்வெர்ட்டரைப் பழைய இரும்புக்காரர்கள் ஏன் ஆவலோடு கேட்கிறார்கள் என்றால் அந்தப் பூச்சு உலோகத்துக்காகத்தான். ‘சும்மா அடைசலாக இருக்கு, எடுத்துக்கொண்டு போறேன்’ என்று யாராவது சொன்னால் யோசித்துக்கொள்ளுங்கள்.

பலம் எங்கே போனது

71-க்கும் 53-க்கும் இடையில் தொலைந்த 18 குதிரைகளை இனித் தேடுவோம். இங்கிலாந்து வண்டியின் கம்ப்ரஷன் 9. அமெரிக்க வண்டிக்குக் கடைசியில் 7.5. அங்கே இரட்டை எஸ்.யூ. கார்ப்பரேட்டர்; இங்கே ஒற்றை ஸ்ட்ராம்பர்க். இக்னிஷனையும் தாமதமாக வைத்தார்கள். அதனால் எக்ஸாஸ்டில் புகை எரிய நேரம் கிடைத்தது, கூடவே என்ஜின் சூடும் ஏறியது. பெரும்பங்கு பலம் இந்த மூன்றில் போயிருக்கிறது. பம்பையும் குடுவையையும் கழற்றி வீசினவனுக்கு 7.5 கம்ப்ரஷன் அப்படியே இருக்கிறது, ஒற்றைக் கார்ப்பரேட்டரும் அப்படியே இருக்கிறது. வண்டி ‘லேசாகி விட்டது’ என்று சொல்கிறானே என்றால், பல நேரம் வெடித்துப்போன வேக்குவம் குழாய்கள் அந்தச் சாக்கில் ஒழிந்திருக்கும். நாற்பத்தைந்து வருஷ ரப்பர் எல்லாம் பிஸ்கட் மாதிரி உடையும். அந்தக் குழாய்களைப் புதிதாக மாற்றியிருந்தாலே அதே சுகம் கிடைத்திருக்கும்.

அங்கே ஒரு சட்டம், இங்கே ஒரு சட்டம்

அமெரிக்காவில் புகைச் சாமானைக் கழற்றுவது மத்திய சட்டப்படியே குற்றம். சோதனை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிபோர்னியாவில் 1975 மாடல் வரை உள்ள பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை இல்லை. 1976 முதல் உண்டு. அங்கே புகையை அளப்பதோடு நிற்க மாட்டார்கள். பானெட்டைத் திறந்து சாமான் எல்லாம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஆகவே 1975 ஸ்பிட்ஃபயர் வாங்கிய பிள்ளைக்கும் 1978 வாங்கிய பிள்ளைக்கும் ஒரே புத்தி சொல்ல முடியாது. இங்கிலாந்தில் நாற்பது வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு வருஷாந்திரச் சோதனையே 2018 முதல் கட்டாயமில்லை.

நம் நாட்டில் 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்டபடி இருக்கும் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. இதற்கு நம் கேரளத்திலிருந்தே ஒரு வழக்கு போனது. கேரள உயர் நீதிமன்றம் மாற்றங்களுக்கு இடம் கொடுத்ததை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மாற்றி, கம்பெனி வடிவத்துக்கு மாறாக எதுவும் கூடாது என்று தீர்த்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று வந்தது. பிற்பாடு கன்வெர்ட்டரோடு வந்த மாருதியில் அதைக் குடைந்து எடுக்கும் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இதில் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. இங்குள்ள புகைச் சான்றுச் சோதனை பெட்ரோல் வண்டியில் ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் மட்டுமே பார்க்கிறது. நைட்ரஜன் ஆக்சைடைப் பார்ப்பதில்லை. ஈ.ஜி.ஆரைக் கழற்றின வண்டியும் சான்று வாங்கிக்கொண்டு வந்துவிடும். சான்று கையில் இருக்கிறது என்பதால் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் பின்னால் நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளையின் மூச்சில் எதுவும் போகவில்லை என்று ஆகாது.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குக் கழற்ற எதுவும் இல்லை; ஆகவே கவலை வேறு. பழைய நாலு சக்கர வண்டிகளுக்கு வைத்த அளவு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம். கார்ப்பரேட்டர் ஊசியும் பிளக்கும் ஒழுங்காக இருந்து, ஆசான் பொறுமையாக டியூனிங் செய்தால் ஹெரால்டு இதற்குள் நின்றுவிடும். (இங்கே மலையாளிகள் மெக்கானிக்கை ‘ஆசான்’ என்று அழைப்பதை நான் மிகவும் ரசிப்பேன். நம் ஊரில் தொலைத்த மரியாதை இங்கே ஒர்க்ஷாப்பில் கிரீஸ் கையோடு பிழைத்திருக்கிறது.) ஆனால் 2025 முதல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சாதாரணப் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு வேண்டும், இதற்கு 13.5 அளவு போதும். பழைய ஜெட்டை அப்படியே விட்டால் கலவை மெலிந்து என்ஜின் சூடாகும். ரப்பர் குழாயையும் கார்ப்பரேட்டர் டயாஃப்ரத்தையும் எத்தனால் தின்னும். ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் இது பொது.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021 ஜூலையில் தனி விதி வந்திருக்கிறது. வின்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும். அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் இருந்தால் வின்டேஜ் என்றே ஒப்ப மாட்டார்கள்.

போட்டோவோடு வருகிற அப்பாக்களிடம் நான் சொல்லி அனுப்புவது இவ்வளவுதான். பையன் முதலில் எல்லா வேக்குவம் குழாயையும் புதிதாக மாற்றட்டும். பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் குழாய் வரைபடத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். அது கிழிந்திருந்தால் ரிப்பேர் புத்தகத்தில் இருக்கும். பிறகு பி.சி.வி.யைக் கழுவி, ஈ.ஜி.ஆர். வால்வில் கரி சுரண்டி, டிஸ்ட்ரிபியூட்டர் டைமிங் பார்க்கட்டும். இவ்வளவும் செய்து இரண்டு மாதம் ஓட்டிய பிறகும் பம்பைக் கழற்றியே தீர வேண்டும் என்று தோன்றினால், தன் மாநிலத்துச் சட்டத்தைப் படித்துவிட்டுக் கழற்றட்டும். கழற்றிய ஒவ்வொன்றுக்கும் துணிச் சீட்டில் பெயர் எழுதிக் கட்டி, போல்ட்டுகளைத் தனித் தனி டப்பியில் போட்டு, எண்ணெய் தடவி ஒரே பெட்டியில் வைக்கட்டும். அந்த வண்டியை நாளை வாங்க வருபவர் கலிபோர்னியாக்காரராக இருந்தால் முதலில் கேட்பது அந்தப் பெட்டியைத்தான். பம்பு தனியாகத் தேடினால் பழைய வண்டியை உடைத்து விற்பவர் சொன்னதுதான் விலை. வியாபாரி சொல்கிறேன்.